நொண்டாத குதிரை

எலும்பு மியூசியத்தின் வராந்தாவில் அவர் நடந்துகொண்டிருக்கிறார், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, ரப்பர் செருப்பு மொசைக் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் ஜன்னல் வழியாக வந்து என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது, நான் பூனையின் விலா எலும்பில் படிந்த தூசியைத் தூரிகையால் தட்டிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது அவர் நடையே இல்லை. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே கேட்ட நடை எனக்குத் தெரியாதா, அதுவும் எனக்கு, கால்நடை மருத்துவக் கல்லூரியில் எலும்புப் பாடம் எடுத்தே தலை நரைத்தவளுக்கு. என் வீட்டுக்காரர் அவினாசியப்பன் போன வருஷம் ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். குதிகாலைத் தரையில் அறைந்து நடக்கிற ஆள். அவர் மாடியில் நடந்தால் கீழே சமையலறை அலமாரியில் டம்ளர்கள் கிலுகிலுக்கும், எத்தனை நாள் கத்தியிருக்கிறேன், கொஞ்சம் பூமிக்கு வலிக்காமல்தான் நடங்களேன் என்று. இப்போது நான் கேட்டபடியே நடக்கிறார், மெதுவாக, அளந்து, எட்டைக் குறுக்கி, யாருக்கும் தெரியாமல் அறையை விட்டு வெளியேறுகிற மனிதர் மாதிரி. ஆனால் சத்தம் சமமாக இருக்கிறது, அதைத்தான் நான் முதலில் கவனித்தேன், வலதுக்கும் இடதுக்கும் நடுவே இம்மியும் வித்தியாசமில்லை. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் விஷயமே அதுதானே, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், சத்தம் சமமாக இருந்தால் கால் நன்றாக இருக்கிறது, சமமாக இல்லாவிட்டால் எங்கேயோ வலிக்கிறது. ஆக, காலில் ஒன்றுமில்லை. காலில் ஒன்றுமில்லாத மனிதர் எதற்காகப் பதுங்கி நடக்க வேண்டும்? பதுங்குகிறவர்களுக்கு ஒரு காரணம் இருக்கும். பூனைக்கு எலி. இவருக்கு?

இந்தப் பூனையை நான்தான் கோத்தேன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒவ்வொரு எலும்பாகக் கொதிக்க வைத்து, வெளுக்க வைத்து, கம்பியில் கோத்து நிறுத்தினேன், நாளைக்கு இதை விட்டுவிட்டுப் போகப் போகிறேன் என்று நினைத்தால் இன்னொரு தடவை துடைக்கத் தோன்றுகிறது. பிள்ளைகளிடம் முதலில் காட்டுவது இதன் காறை எலும்பைத்தான், நமக்குத் தோளுக்கும் மார்புக்கும் நடுவே விறைப்பாகக் கட்டிப்போட்ட எலும்பு இதற்கு வெறும் துரும்பு, எதிலும் ஒட்டாமல் சதைக்குள்ளே சும்மா கிடக்கும், அதனால்தான் தோள்பட்டை இஷ்டத்துக்கு வழுக்கிக்கொண்டு போகிறது, தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடுகிறது. குதிகாலைத் தரையில் வைப்பதே இல்லை, விரலில் நடக்கிறது, நகத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது, மொத்த எலும்புக்கூடும் ஒரே காரியத்துக்காகச் செய்யப்பட்டிருக்கிறது, சத்தம் வரக் கூடாது. என் வீட்டிலும் மூன்று மாதமாக ஒரு ஆள் சத்தம் வராமல் நடக்கிறார். வீட்டுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு! இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வாசற்படியைத் தாண்டிச் செருப்புக் காலோடு வந்ததற்காகக் கட்டிக்கொடுத்த பெண்ணை, மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே, "இதென்ன சந்தக்கடையா?" என்று கேட்டவர். ஒரு நாள் கடையிலிருந்து புதுசாக ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்போடு வந்தார், இது வீட்டுக்குள்ள போட்டுக்க என்றார், எதுக்கு என்றேன், "தரை சில்லுனு இருக்குது குழலி" என்றார். சித்திரை வெயிலில், தரை சில்லென்று இருக்கிறதாம். நான் வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு பார்ப்பதில் எனக்குப் பயிற்சி அதிகம், எலும்புகள் கேட்டால் பதில் சொல்லாது, பார்த்தால்தான் சொல்லும். படுக்கையைக் கீழே ஹாலுக்கு மாற்றிக்கொண்டார், மாடியில் புழுக்கமாம். பூஜை அறைக்குள் வருவதில்லை, செருப்போடு வாசலில் நின்று ஒரு கும்பிடு, அவ்வளவுதான். பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போகாமல் இருந்ததே இல்லை, இப்போது கூட்டமாக இருக்கும் என்கிறார். சாமி முன்னால் நிற்கக் கூசுகிற மாதிரி ஒரு காரியத்தை ஒரு மனிதர் செய்துகொண்டிருக்கிறார் என்றால் அது என்ன காரியமாக இருக்கும், எனக்குத் தெரியாது, தெரியாமல் என்ன, தெரியும்.

சென்ட் வேறு. வாழ்நாள் முழுக்க வியர்வையும் விபூதியும்தான் அவர் வாசனை, இப்போது சந்தன சென்ட், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அறைக்குள் போனாலே கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. உதைத்து உதைத்து ஓட்டிய பழைய ஸ்கூட்டரை விற்றுவிட்டுப் பொத்தானைத் தொட்டால் கிளம்புகிற புது வண்டி, சிவப்பு நிறத்தில். அறுபது வயதில் சிவப்பு வண்டி, சென்ட், நீலச் செருப்பு. கல்லூரியில் எந்தப் பையனாவது திடீரென்று இப்படி மாறினால் என் துறையில் அட்டெண்டருக்குக்கூடப் புரிந்துவிடும். இதற்கெல்லாம் மேலே அந்தப் பேர். இன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேஜையில் அவர் போன் நடுங்கியது, திரையில் பிருந்தா என்று வந்தது, முன்னால் ஒன்றுமில்லை பின்னால் ஒன்றுமில்லை, வெறும் பிருந்தா. ரசம் சோற்றை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது, போனைக் கவிழ்த்து வைத்தார். யாருங்க என்றேன், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டேன். "நம்ம ஸ்கூல் புள்ள. நல்லா ஓடும். இப்ப ஏதோ ஆஸ்பத்திரியில இருக்குது" என்றார். ஓடுகிற பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதற்குக் கூப்பிடுகிறது என்றேன். "அதா? நல்லாருக்கீங்களான்னு கேக்க" என்று சொல்லி மோர் ஊற்றிக்கொண்டார், சோற்றுக்கு வெளியே ஊற்றிக்கொண்டார், தட்டெல்லாம் ஓடியது. பொய் சொல்லப் பழகாத மனிதர். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது, பழக்கமில்லாத ஒரு மனிதர் கஷ்டப்பட்டுப் பொய் சொல்கிறார் என்றால் அந்தப் பொய் அவருக்கு அவ்வளவு முக்கியம்.

பூனையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாயிற்று, மூடியைத் தூக்கி வைக்க இன்னொரு ஆள் வேண்டும், அட்டெண்டர் மாரப்பன் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார், வரட்டும். வௌவால் பக்கத்தில் வந்து நிற்கிறேன். எனக்கு இதைப் பிடிக்காது, இதற்குக் கைதான் எல்லாம், விரல்களை நீட்டி நீட்டி இறக்கையாக்கிக்கொண்டது, கால் ஏதோ கடமைக்கு இருக்கிறது, தலைகீழாகத் தொங்க, அவ்வளவுதான். பறக்க ஆசைப்பட்டு நடையை விட்டுவிட்டது. நானும் நாளைக்குப் பறக்கப் போகிறேன் என்று துறையில் கேக் வெட்டினார்கள். தென்கோடியில் புதிதாகத் திறக்கிற கல்லூரிக்கு முதல்வராகப் போகிறேன், ஓய்வு பெற இருக்கிற கொஞ்ச காலத்துக்கு, காலியான கட்டடத்தில் ஒரு மியூசியத்தை முதல் எலும்பிலிருந்து எழுப்ப. நான் கேட்டு வாங்கிய இடம்தான். இரண்டு தடவை கிடைத்து இரண்டு தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருந்த காலத்தில். கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே அந்த அம்மாளைத் தூக்கித் தூக்கி என் தோளே இறங்கிப்போயிற்று. அவர் தாயார் போய்ச் சேர்ந்த பிறகு, காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான அன்றைக்கு, இவர் என்னிடம் வந்து, கண் கலங்கி, "போதும் குழலி, இனி யாருக்காகவும் நீ நிக்கக் கூடாது" என்றார். அன்றைக்கு அது எனக்கு எவ்வளவு பெரிய வார்த்தையாக இருந்தது. இன்றைக்கு அதே வார்த்தையைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். நீ போ என்பதைத்தானே அது சொல்கிறது? உத்தரவு வந்ததிலிருந்து இந்த மனிதர் பண்ணுகிற அவசரத்தைப் பார்க்க வேண்டும், டிக்கெட் எடுத்தாயிற்று, பெட்டி வாங்கியாயிற்று, என் புடவைகளை அவரே மடித்து வைக்கிறார், கொஞ்ச நாள் கழித்துச் சேரட்டுமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன், அப்படியே முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ, தள்ளிப் போடாத. தள்ளிப் போட்டா வேற யாரையாச்சும் போட்டுருவாங்க." என்னோடு வாங்களேன் என்றேன். "நா பின்னால வர்றன்." பின்னால் என்றால் எப்போது என்று கேட்டால் பெட்டியின் ஜிப்பை இழுத்துப் பார்க்கிறார். மனைவியை வேலைக்கு அனுப்ப இவ்வளவு துடிக்கிற புருஷனை நான் எங்கேயும் பார்த்ததில்லை. என் தலையில் மிளகாய் அரைக்கிறார், நானும் நன்றாக அரையுங்கள் என்று குனிந்துகொண்டிருக்கிறேன்.

செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், தூணுக்குப் பக்கத்தில், போன் பேசுகிறார். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறேன், கையில் தூரிகை, எதிரே யானையின் கால், நிற்கிறேன். யானைக் கால் எலும்பு ஒரு தந்திரம், வெளியிலிருந்து பார்த்தால் முழுப் பாதத்தையும் ஊன்றி நடக்கிற மாதிரி இருக்கும், உள்ளே எலும்பு விரல் நுனியில்தான் நிற்கிறது, குதிகாலுக்கு அடியில் பெரிய கொழுப்பு மெத்தை, அதனால்தான் அவ்வளவு பெரிய உடம்பு பின்னால் வந்து நின்றாலும் நமக்குத் தெரிவதில்லை. "ஆமாங்க" என்கிறார் வெளியே. "நாளைக்குக் காத்தால வண்டிங்க. அவ போயிருவா." பிறகு அந்தப் பக்கம் ஏதோ சொல்கிறது, பெண் குரல், சிரிக்கவில்லை, ஆனால் பெண் குரல். "இல்லீங்க, தெரியாதுங்க. தெரிஞ்சா போகமாட்டாங்க. போகட்டும், அதுக்கப்பறம் நா வந்தர்றனுங்க. எத்தன நாள் வேணும்னாலும் வர்றனுங்க. அதுவரைக்கும் கூப்புடாதீங்க." அவ்வளவுதான். அவ்வளவு போதாதா? அந்த மரியாதையை வைத்து எதுவும் முடிவு கட்ட முடியாது, இந்த ஊர்க்காரர்கள் நாய்க்குட்டியைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார்கள், நான் திருநெல்வேலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் அதில் ஏமாந்து போயிருக்கிறேன், இங்கே எல்லோரும் எவ்வளவு நல்லவர்கள் என்று. தெரிஞ்சா போகமாட்டாங்க. என்ன தெரிந்தால் நான் போகமாட்டேன்? யானைக் காலைப் பிடித்துக்கொண்டேன், எலும்பு ஜில்லென்று இருந்தது, வருவது கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு அசிங்கமா. போக மாட்டேன். டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஹாலில் அவர் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன், யார் வருகிறாள் பார்க்கலாம். இல்லை, போகிறேன், போய்விட்டு ஒரேயடியாகத் திரும்பி வராமல் இருந்துவிடுகிறேன், சிவப்பு வண்டியில் ஊர் சுற்றட்டும். இரண்டில் எதைச் செய்தாலும் நான்தான் தோற்றவள், நாளைக் காலைக்குள் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்.

செருப்பு மறுபடியும் நடக்கிறது, சமமாக, அடி மாறாமல், மனசாட்சியே இல்லாமல். எனக்கு உட்கார வேண்டும் போலிருக்கிறது, குதிரையின் மேடையில் உட்கார்ந்துகொள்கிறேன். கூடத்தின் நடுவே நிற்கிற பெரிய எலும்புக்கூடு இதுதான், இதன் நெற்றியில் லேசாகச் சிவப்பு ஏறியிருக்கும், மாரப்பன் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து வைத்துத் துடைத்த கறை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம்தான், மொசைக் கீறிவிடும் என்று காரணம் சொன்னாலும் உண்மையில் இது அவருக்குக் கோயில், அமைச்சரே வந்தாலும் விட மாட்டார். குதிரை ஒற்றை விரலில் நிற்கிறது, நம் நடுவிரல்தான் அதன் கால், நகம்தான் குளம்பு, மற்ற விரலெல்லாம் ஓடி ஓடித் தேய்ந்து இரண்டு பக்கமும் குச்சியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓடுவதற்காக எல்லாவற்றையும் கழித்துக்கட்டிய உடம்பு, மீதமிருக்கிற அந்த ஒரு விரலில் வலி வந்துவிட்டால் அதற்கு எதுவும் இல்லை. குதிரைக்கு வலித்தால் சொல்லத் தெரியாது, தலை சொல்லிவிடும், நல்ல கால் தரையில் படும்போது தலை இறங்கும், வலிக்கிற கால் படும்போது மேலே எகிறும், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிற மாதிரி இருக்கும். எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தக் கண்தான். வாட்ச்மேன், பால்காரர், யார் விந்தி விந்தி வந்தாலும் விட மாட்டேன், இப்படி நடங்க, திரும்புங்க, வாங்க, எந்தக் கால், எந்த மூட்டு, பார்த்துச் சொல்லிவிடுவேன். ஒரு தடவை விளையாட்டு விழாவில் இவருக்குக் கணுக்கால் பிசகி என்னைக் கூட்டிப்போக இங்கே வந்தார், பிள்ளைகளை வராந்தாவில் வரிசையாக நிற்க வைத்து இவரை நடக்கவிட்டேன், போங்க, திரும்புங்க, கொஞ்சம் ஓடுங்க, ஒரு பையன் கனைத்துக்கூடக் காட்டினான், எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சிரித்துக்கொண்டேதான் ஓடினார், வியர்த்துவிட்டது பாவம். அந்த வருஷம் பிள்ளைகள் பரீட்சையில் அந்தக் கேள்வியை மிக நன்றாக எழுதினார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் சந்தைக் கதையைச் சொல்வேன், எல்லா வருஷமும், வகுப்பில், விருந்துகளில், வீட்டுக்கு யார் வந்தாலும், இவருக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். ஆடி மாதக் குதிரைச் சந்தையில் ஒரு வியாபாரி, அவனிடம் வலது முன்னங்கால் நொண்டுகிற ஒரு குதிரை, தலையாட்டிக்கொண்டே நடந்தால் யார் வாங்குவார்கள், அவன் என்ன செய்தான், நல்ல காலில் லாடத்துக்கு அடியில் ஒரு சின்னக் கல்லைச் செருகிவிட்டான். இப்போது இரண்டு காலும் வலிக்கிறது. எந்தப் பக்கம் நொண்டும்? எந்தப் பக்கமும் நொண்டாது. தலை ஆடாது, சத்தம் சமமாக வரும், எட்டு மட்டும் கொஞ்சம் குறுகும், பார்க்கிறவன் அடக்கமான குதிரை என்று நினைத்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். இந்த இடத்தில் பிள்ளைகள் அடப்பாவி என்பார்கள், நான் ஒரு நிமிஷம் அவர்களை அப்படியே விடுவேன். போன பொங்கலுக்குச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோதும் சொன்னேன், எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் கேட்டார், "அப்ப எப்பிடித்தான் கண்டுபுடிக்கறது?" இத்தனை வருஷத்தில் என் பாடத்தில் இவர் கேட்ட ஒரே கேள்வி. லாடத்தைக் கழற்றிப் பார்க்கணும், வேற வழி இல்ல, என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு கரும்பைக் கடித்தார். எதற்குக் கேட்டார்? என் கதையெல்லாம் இருக்கட்டும், இப்போது என் முன்னால் இருப்பது வேறு விஷயம், வெளியே போய் நேருக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும், யார் இந்தப் பிருந்தா, என்ன தெரிந்தால் நான் போகமாட்டேன். ஆனால் வராந்தாவில் கேட்க முடியாது, ஹாஸ்டல் பெண்கள் போய்க்கொண்டு வந்துகொண்டு இருப்பார்கள். உள்ளே வரவழைக்க வேண்டும். என்னைக் கூட்டிப்போக வந்ததிலிருந்து உள்ளே வர மறுக்கிறார், வழக்கமாக வந்தால் இந்தக் குதிரையின் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை, இன்றைக்கு வாசலிலேயே நின்று, நீ முடிச்சிட்டு வா என்கிறார், என் முகத்தைப் பார்த்து நிற்க முடியவில்லை போலிருக்கிறது.

மாரப்பன் குடத்தோடு வந்துவிட்டார். "சாரைக் கூப்பிடுங்க மாரப்பன், பூனைப் பெட்டி மூடியைத் தூக்கணும், உங்களால தனியா ஆகாது" என்றேன், வேண்டுமென்றே சத்தமாக. செருப்பு நின்றது. "ஏனுங் சார், ஒரு கை புடிங்க" என்று மாரப்பன் வாசலுக்குப் போனார். "நீங்களே பாத்துக்குங்க மாரப்பா, எனக்கு இடுப்பு புடிச்சிருக்குது" என்கிறார் இவர், அடேயப்பா, இப்போது இடுப்பாம். "மேடம் நாளைக்குப் போறாங்கல்ல சார், கடசியா ஒருக்கா வந்து பாக்காம என்னங்க" என்றார் மாரப்பன். செருப்பு இரண்டு தடவை ஒட்டிப் பிரிந்தது. பிறகு கதவு நிலையில் நிழல். "சார், சார், செருப்பு!" "அட, ஒரு நிமிசம்தான மாரப்பா." "அதெல்லாம் ஆவாதுங்க, கலெக்டரே கழட்டிப்போட்டுத்தான் வந்தாரு. உட்டுப்போட்டு வாங்க." நான் குதிரைக்கு இந்தப் பக்கம், விலா எலும்புகளின் இடைவெளியில் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன், அவர் கண்ணுக்கு நான் தெரிய மாட்டேன். அவர் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கழற்றுகிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு கழற்றுகிறார், செருப்பைக் கழற்ற எதற்குச் சுவர்? நான் என்ன கேட்க வேண்டும் என்பதை மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, பழக்க தோஷம், கண்ணை மூடிக்கொண்டேன்.

வெறுங்கால் மொசைக்கில் வருகிறது. டப், பிறகு ஒரு சின்ன ட, டப், ட, டப், ட. கண்ணைத் திறக்கவில்லை. எனக்குத் தப்பாகக் கேட்கிறது, அழுகையை அடக்கினால் காது அடைத்துக்கொள்ளும், அதனால் இருக்கும். டப், ட. வலது கால் நின்று நிதானமாக விழுகிறது, இடது கால் தரையைத் தொட்டதும் நெருப்பை மிதித்த மாதிரி எழுந்துவிடுகிறது. முதல் வருஷப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். திறந்து பார்த்தேன். பூனைப் பெட்டி வரைக்கும்கூட அவரால் வர முடியவில்லை, குதிரையின் முன்பக்கத்தில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார், இடது காலை ஒரு சாண் முன்னால் நீட்டி, முட்டியை லேசாக மடக்கி, விரல் நுனி மட்டும் தரையில் படும்படி, வலிக்கிற காலைக் குதிரை நீட்டி வைக்குமே அப்படி. நெற்றியெல்லாம் வியர்வை. "குழலி எங்கீங்க?" என்று மாரப்பனிடம் கேட்டார், குரலை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டு. நான் எழுந்தேன். குதிரையின் பின்பக்கமாகச் சுற்றி, அலமாரிகளுக்கு நடுவே புகுந்து, அவர் பார்க்காமல் வாசலுக்கு வந்துவிட்டேன், அவர் மேலிருந்து வந்த சந்தன வாசனைக்குக் கீழே வேறொரு வாசனை, வலி தைலம், மூன்று மாதமாக என் வீட்டில் அது இருந்திருக்கிறது, நான் சந்தனத்தை மட்டும் முகர்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

நீலச் செருப்பு இரண்டும் கதவோரமாகக் கிடக்கின்றன. இடது செருப்பை எடுத்தேன், ஒன்றுமில்லை. வலது செருப்பில், குதிகால் படுகிற இடத்தில், ஒரு பிளாஸ்திரி. காயத்துக்கு ஒட்டுகிற சாதாரணப் பிளாஸ்திரி, ஓரமெல்லாம் அழுக்கேறி, பல தடவை மாற்றி ஒட்டின தடம். உரித்தேன். உள்ளே புளியங்கொட்டை. என் சமையலறையில், நான் புளி கரைத்துவிட்டுத் தூக்கிப் போட்டது. நின்று நின்று ரப்பரில் அதன் வடிவத்துக்கே ஒரு குழி விழுந்திருக்கிறது. மூன்று மாதமாக இந்த மனிதர் நல்ல காலில் இதை மிதித்துக்கொண்டு என் முன்னால் நடந்திருக்கிறார், ஹாலிலும் வராந்தாவிலும், லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட் என்று, நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, காலில் ஒன்றுமில்லை என்று தீர்ப்பு எழுதியிருக்கிறேன். கொட்டை இல்லாத காலில்தான் வலி. தெரிஞ்சா போகமாட்டாங்க. மாடிப் படி, பூஜை அறை, கோயில் பிரகாரம், உதைக்கிற ஸ்கூட்டர், ஒவ்வொன்றாக வந்து அதது இடத்தில் உட்காருகிறது, கடைசியில் அந்தப் பெண், ஓடிக்கொண்டிருந்த பிள்ளை, ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று அவரே சொன்னாரே, என்ன வேலை, யாருடைய காலைப் பார்க்கிற வேலை என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன், வராந்தாவில் இரண்டு ஹாஸ்டல் பெண்கள் போனார்கள், போகட்டும். போனால் இந்தக் காலை விட்டுவிட்டுப் போக வேண்டும். போகாவிட்டால் மூன்று மாதம் இவர் மிதித்ததெல்லாம் வீண். இரண்டையும் நினைக்க முடியவில்லை, கையில் அந்தக் கொட்டை மட்டும் இருக்கிறது, அவர் கால் சூடு இன்னும் அதில் இருக்கிறது.

செருப்பு இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். "மேடம், செருப்பு..." என்றார் மாரப்பன், என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டார். கூடத்தின் நடுவே அவர் திரும்பினார், முதலில் என் கண்ணைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். பரீட்சையில் பிடிபட்ட பையன் மாதிரி ஒரு முகம், இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத முகம். "நாளைக்கு நீ போயிருவீல்ல, குழலி?" என்றார். நான் செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கவும் பயந்துபோய்க் கம்பியை விட்டுவிட்டார், நெஞ்சை நிமிர்த்தி, வலதையும் இடதையும் ஒரே அளவாகத் தூக்கி வைக்கப் பார்த்தபடி, ஒன்றுமில்லை பார் என்று காட்டுகிற மாதிரி என்னை நோக்கி ஒரு எட்டு வைத்தார், முகம் கோணியது, இன்னொரு எட்டு வைக்கக் காலைத் தூக்கினார்.

"நடக்காதீங்க," என்றேன். "அங்கயே நில்லுங்க. நான் வர்றேன்."